எடை சாதாரணமாக இருந்தால் டாக்டர் தேவையில்லையா? உண்ணல் கோளாறு பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கல்லூரியில் உண்ணல் கோளாறுகள் பற்றி விழிப்புணர்வு வாரம் நடத்தப் போகிறீர்கள், என்ன போஸ்டர் வைக்கலாம், என்ன பேசலாம் என்பது முதலாவது. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருப்பது இரண்டாவது: விடுதியில் ஒரு பெண் நாலைந்து மாதமாக யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சாப்பிட்டால் உடனே குளியலறைக்குப் போய்விடுகிறாள், இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள், ஆனால் எடை சாதாரணமாகத்தான் தெரிகிறது, அதனால் டாக்டர் எல்லாம் வேண்டாம் என்கிறார்கள், அது சரியா என்று கேட்கிறீர்கள். இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். அது சரியில்லை. அந்தப் பெண்ணை இந்த வாரமே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். மறுபடி மயங்கினால், நெஞ்சு படபடத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நான் உணவியல் நிபுணர். மனநல மருத்துவர், மனநல ஆலோசகர், பொது மருத்துவர் என்று என்னையும் சேர்த்து நான்கு பேர் சேர்ந்து பார்க்கும் குழுக்களில்தான் என் வேலை. அதனால் உடல், சாப்பாடு, எந்தக் கதவை எப்படித் தட்டுவது என்பதைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். மருந்து விஷயத்தில் நான் சொல்வதை மனநல மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நேரில் பார்க்காத ஒருவருக்கு இன்ன நோய் என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது.

எடை ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உண்ணல் கோளாறு என்றாலே எலும்பும் தோலுமான ஓர் உருவம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அது, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்சியாவின் ஒரு முகம் மட்டும். புலிமியாவில் கட்டுப்பாடு போய் மிக அதிகமாகச் சாப்பிடுவதும், பிறகு அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி என்று இறங்குவதும் மாறி மாறி வரும். பெரும்பாலோருக்கு எடை சாதாரணமாகவே இருக்கும். கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு ஈடுகட்ட எதுவும் செய்யாமல், வெட்கத்தில் குமைந்துபோகிறவர்களின் நிலைக்கு பிஞ்ச் ஈட்டிங் கோளாறு என்று பெயர். 2013ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில்தான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. உடல் தோற்றம் பற்றிக் கவலையே இல்லாமல், வாசனை, மென்மை, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் ஆகியவற்றால் சாப்பாட்டைத் தவிர்க்கும் ஆர்ஃபிட் என்ற வகையும் உண்டு. இன்னும் ஒன்றைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். நல்ல பருமனாக இருந்த ஒருவர் சில மாதங்களில் எடையை மளமளவென்று குறைத்து, இப்போது பார்வைக்குச் சாதாரணமாக இருக்கலாம். சுற்றி இருப்பவர்கள் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மிக மெலிந்த ஒருவருக்கு இறங்குவது போலவே இறங்கியிருக்கும். எவ்வளவு எடை இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகத்தில் எவ்வளவு போனது என்பதுதான் உடலுக்குப் பெரிய விஷயம். இங்கிலாந்தின் தேசிய சிகிச்சை வழிகாட்டி 2017லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ என்ற ஒற்றை எண்ணையோ, நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பதையோ மட்டும் வைத்துச் சிகிச்சை தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மருத்துவர் உண்ணல் கோளாறில் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் நாள் பரிசோதனைக்கு எந்தப் பொது மருத்துவரும் போதும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். படுத்த நிலையில் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அதே இரண்டும். விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே என்றால் அன்றே விரிவாகப் பார்க்க வேண்டும், 40க்குக் கீழே என்றால் மருத்துவமனையில் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும். நிற்கும்போது நாடி படுத்திருந்ததைவிட 30க்கு மேல் கூடினாலோ, மேல் ரத்த அழுத்தம் படுத்திருந்ததைவிட 20க்கு மேல் குறைந்து தலை சுற்றினாலோ அதுவும் எச்சரிக்கைதான். 'விளையாட்டு வீராங்கனை, அதனால் துடிப்பு குறைவு' என்று சமாதானம் சொல்வது வழக்கம். எடை இழந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் அந்தச் சமாதானத்தை ஏற்காதீர்கள். உடல் வெப்பம், ஈசிஜி, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவையும் வேண்டும். பாஸ்பேட்டும் மெக்னீசியமும் வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் இருக்காது, தனியாக எழுதச் சொல்ல வேண்டும். வாந்தி எடுப்பவர்களுக்கும் பேதி மாத்திரை போடுபவர்களுக்கும் பொட்டாசியம்தான் முதல் ஆபத்து. லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. 3க்குக் கீழே போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடலாம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்.

இங்கேதான் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. ரத்த முடிவுகள் எல்லாம் சாதாரணம் என்று வந்தால் 'ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடு' என்று அனுப்பிவிடுகிறார்கள். பட்டினியில் இருக்கும் உடல் ரத்த அளவுகளைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றும். எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்துக்கொடுக்கும். ஆகவே மோசமான முடிவு ஆபத்தைக் காட்டும், நல்ல முடிவு ஆபத்தில்லை என்று காட்டாது. மருத்துவரிடமிருந்து நல்ல முடிவோடு வெளியே வரும்போதே அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

மருத்துவரிடம் கிடைப்பது பத்து நிமிடம் என்றால் அதற்குத் தயாராகப் போகலாம். ஒரு தாளில் நான்கைந்து வரி போதும்: எப்போதிலிருந்து, எவ்வளவு எடை குறைந்தது, வாரத்துக்கு எத்தனை முறை வாந்தி அல்லது கட்டுப்பாடில்லாத சாப்பாடு, கடைசியாக மாதவிடாய் எப்போது, எத்தனை முறை மயக்கம், என்ன மாத்திரைகள் எடுக்கிறார், தற்கொலை எண்ணம் உண்டா. வாயால் சொல்ல வெட்கமாக இருக்கும் விஷயங்களைத் தாளைக் கொடுத்தால் படித்துக்கொள்வார்கள். 'சோர்வாக இருக்கிறது, வயிறு சரியில்லை' என்று தொடங்கினால் சிகிச்சை வயிற்றோடு நின்றுவிடும். 'உண்ணல் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம்' என்ற வாக்கியமே முதல் வாக்கியமாக இருக்கட்டும். எடை பார்க்கும்போது எண்ணைத் தனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கவும், தராசுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ளவர் என்றால் இன்சுலினைக் குறைக்கிறாரா, தவிர்க்கிறாரா என்று தனியாகக் கேட்க வேண்டும். எடை குறைக்க இன்சுலினைத் தவிர்ப்பது சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நோய் இருக்கிறதா என்று முதல் சல்லடை போடுவதற்கு 1999ல் பிரிட்டனில் வெளியான ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, ஸ்காஃப் என்பார்கள். வயிறு நிறைந்து சங்கடமாக இருப்பதால் வாந்தி எடுத்துவிடுகிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு போய்விட்டதென்று கவலைப்படுகிறீர்களா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா, சாப்பாடுதான் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வீர்களா. இரண்டுக்கு ஆம் என்றால் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். இளம்பெண்களிடம் அனோரெக்சியா, புலிமியா இரண்டையும் இது நன்றாகப் பிடிக்கிறது. ஆண்களிடமும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் நிறையத் தவறவிடுகிறது. ஆண்களில் பலருக்கு ஒல்லியாக வேண்டும் என்பதைவிடத் தசை தெரிய வேண்டும், கொழுப்பே இருக்கக் கூடாது என்பதுதான் வெறியாக இருக்கும். இந்த ஐந்து கேள்வியில் அது எங்குமே வராது.

அந்தப் பெண்ணிடம் யார், எப்படிப் பேசுவது? அவள் நம்பும் ஒரே ஒருவர், தனியாக, சாப்பாட்டு நேரம் அல்லாத வேளையில். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'இரண்டு முறை மயங்கி விழுந்தாய், எங்களோடு சாப்பிட வருவதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது' என்பது போதும். 'உனக்கு அனோரெக்சியா' என்று பெயர் சூட்ட வேண்டாம். 'மெலிந்துவிட்டாய்' என்பது அவளுக்குப் பாராட்டாகக் கேட்கும், 'இப்போது உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது' என்பது அபாயச் சங்காகக் கேட்கும். தோற்றத்தைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். மறுப்பாள், கோபப்படுவாள். பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தன் நிலை எவ்வளவு மோசம் என்று தெரியாமல் போவதே இந்த நோயின் ஒரு பகுதி. 'சரி, நாளை மறுநாள் மறுபடி கேட்பேன்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கேளுங்கள். சாக விரும்புகிறாயா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. 2011ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி அனோரெக்சியாவால் இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார், ஆகவே கேட்காமல் விடக் கூடாது. ஆம் என்று சொன்னால் தனியாக விடாமல் அவசர உதவிக்கு அழைத்துப் போக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று மட்டும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாத நாள் வரலாம்.

அன்பில் செய்யும் ஒரு காரியம் ஆபத்தாக முடிவதையும் சொல்ல வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவரைத் திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட வைப்பது கூடாது. சாப்பாடு உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்லுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சுத் தசையும் மூளையும் தடுமாறும். இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர், பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் வரும். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவர், மூன்று முதல் ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர் ஆகியோருக்கு மருத்துவர் மேற்பார்வையில், தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்து, பாஸ்பேட்டைத் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டேதான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. முன்பு மிக மெதுவாகத் தொடங்குவார்கள். இப்போது, தினசரி ரத்தப் பரிசோதனை செய்ய முடிகிற மருத்துவமனைகளில் இன்னும் வேகமாகத் தொடங்கினாலும் பாதுகாப்புதான் என்று காட்டும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ரீஃபீடிங்குக்குப் பயந்து சாப்பாடே கொடுக்காமல் வைத்திருப்பதும் தவறு, அதுவும் கொல்லும்.

சிகிச்சையில் எது நிச்சயமாகத் தெரியும் என்றால், பதின்வயதினருக்குப் பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கும் குடும்பவழிச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது. வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். முதல் நான்கு வாரத்தில் இரண்டு கிலோ அளவு எடை ஏறியவர்கள் பின்னால் நன்றாகத் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம், ஏறவில்லை என்றால் காத்திருக்காமல் அப்போதே சிகிச்சையைத் தீவிரப்படுத்த வேண்டும். பெரியவர்களுக்கு, குறிப்பாகப் புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் படிப்படியாக மாற்றும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை. ஏறத்தாழ 20 அமர்வுகள், எடை மிகக் குறைவானவர்களுக்கு 40. அதன் முதல் படி மிக எளிமையானது: மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கட்டுப்பாடில்லாத சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் மன உறுதி இல்லாதது காரணம் அல்ல, அதற்கு முன்னால் இருந்த பட்டினிதான் காரணம். அதனால்தான் அளவு, வகை எதையும் தொடாமல் நேரத்தை மட்டும் ஒழுங்கு செய்யும்போதே பலருக்கு அது குறையத் தொடங்குகிறது.

இதை நம்பாதவர்களுக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45ல் நடந்த சோதனையைச் சொல்வேன். ஆன்செல் கீஸ் என்ற உடலியல் விஞ்ஞானி, உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண் தன்னார்வலர்களுக்கு 24 வாரம் அரைப் பட்டினி போட்டார். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். யாருக்கும் முன்பு உண்ணல் கோளாறு இல்லை. ஆனால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் குறிப்பு சேகரிப்பு, தட்டில் கிளறிக்கொண்டே மணிக்கணக்கில் சாப்பிடுவது, குளிர், எரிச்சல், மனச்சோர்வு, தனிமை எல்லாம் வந்தன. பட்டினி முடிந்த பிறகும் பலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை. நோயாளியின் பிடிவாதம், குணம் என்று நாம் நினைக்கும் பலவும் பட்டினியின் விளைவு. உடலைத் தேற்றாமல் மனதை மட்டும் பேசிச் சரிசெய்ய முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்துகள் பற்றிச் சுருக்கமாக: புலிமியாவுக்கு ஃப்ளூவாக்செட்டின், மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிகமாக, நாளுக்கு 60 மில்லிகிராம் அளவில் உதவுகிறது. அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வாந்தி எடுப்பவருக்கு புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கக் கூடாது, வலிப்பு வரும் ஆபத்து உண்டு. மனச்சோர்வுக்கு மட்டும் சிகிச்சை பெறும்போது வாந்தியை மறைத்தால் நடக்கக்கூடிய விபத்து இது.

சிறப்பு மையம் அருகில் இல்லை, காத்திருப்பு மாதக்கணக்கில் என்றால் சும்மா இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை எடையும் நாடியும் பார்க்க ஒரு பொது மருத்துவர், பேச ஒரு மனநல ஆலோசகர், சாப்பாட்டுத் திட்டத்துக்கு ஒரு உணவியல் நிபுணர். இந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள நோயாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால் அதுவே ஒரு குழு. எந்த எண் வந்தால் மருத்துவமனையில் சேர்ப்பது என்று முதல் வாரமே எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால் பிறகு பேரம் இருக்காது. புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் வழிகாட்டியோடு செய்யும் சுயஉதவித் திட்டமே பல நாடுகளில் முதல் சிகிச்சை. காணொளி வழியிலும் அது நடக்கிறது. வாந்திக்குப் பிறகு உடனே பல் துலக்க வேண்டாம், அமிலத்தில் மென்மையான எனாமல் தேயும். தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரமாவது பொறுக்கட்டும்.

இனி உங்கள் விழிப்புணர்வு வாரம். எலும்பு தெரியும் படங்கள், முன்–பின் படங்கள், மிகக் குறைந்த எடையின் எண்கள், கலோரிக் கணக்கு, எப்படி மறைத்தார்கள் என்ற விவரம், இவை எதுவும் போஸ்டரிலும் பேச்சிலும் வேண்டாம். நோயின் விளிம்பில் நிற்பவருக்கு அது பாடப்புத்தகம். நோயில் இருப்பவருக்கோ, 'நான் அவ்வளவு மெலியவில்லை, எனக்கு எதுவும் இல்லை' என்று சொல்லிக்கொள்ள அத்தாட்சி. மீண்டு வந்த ஒருவரைப் பேச அழைத்தால், எவ்வளவு மோசமானேன் என்பதைவிட யாரிடம் எப்படி உதவி கேட்டேன், சிகிச்சையில் என்ன நடந்தது என்பதையே பேசச் சொல்லுங்கள். நோயின் விவரங்களை ஒரே ஒரு சொற்பொழிவில் கொட்டுவதால் நோய் குறைவதாக ஆதாரம் இல்லை. சிலராக உட்கார்ந்து, ஒல்லியே அழகு என்ற எண்ணத்துக்கு எதிராகப் பங்கேற்பவர்களையே வாதிட வைக்கும் சிறு குழுப் பயிற்சிகளுக்கு ஆதாரம் இருக்கிறது. சில ஆய்வுகளில் புதிதாக நோய் வருவதே குறைந்தது. பெரும்பாலும் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரு பேச்சாளருக்கு மேடை போடும் செலவில் இதைச் செய்துவிடலாம்.

பெற்றோரே காரணம் என்று எந்தப் பேச்சாளரும் சொல்ல விடாதீர்கள். இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கு ஏறத்தாழ பாதி அல்லது அதற்கு மேல் என்று காட்டுகின்றன. சமூக ஊடகம் எவ்வளவு காரணம் என்பது இன்னும் தீராத விவாதம். தோற்றத்தைப் பற்றிய அதிருப்தியோடு அதற்குத் தொடர்பு தெரிகிறது, அதுவே நோயை உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்லும் நிலை வரவில்லை. குணமாகுமா என்று நிச்சயம் கேட்பார்கள். அமெரிக்காவில் 22 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் அனோரெக்சியா, புலிமியா இரண்டிலும் மூன்றில் இரண்டு பேர் அளவுக்கு மீண்டிருந்தார்கள். அனோரெக்சியாவில் ஒன்பதாவது ஆண்டில் மீண்டவர்கள் மூன்றில் ஒருவர்தான். பல ஆண்டு ஆகிவிட்டதே என்று கைவிடக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு எண்களும் போதும்.

போஸ்டர் அச்சடிப்பதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. அந்த வாரத்தில் ஒருவர் வந்து 'எனக்கு இருக்கிறது' என்று சொன்னால் அவர் 48 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய மருத்துவர் யார் என்று முடிவு செய்யுங்கள். அந்த மருத்துவரை நேரில் போய்ப் பார்த்து, படுத்தும் நின்றும் நாடி, ஈசிஜி, பாஸ்பேட் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை அங்கே முடியுமா என்று கேளுங்கள். இரவில் எந்த அவசரப் பிரிவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். விடுதிப் பொறுப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர், கல்லூரிக் கவுன்சிலர் மூவரிடமும் இந்த விவரங்களை எழுதிய ஒரு பக்கத் தாள் இருக்கட்டும். போஸ்டரில் பெரிய எழுத்தில் வர வேண்டியது அந்த மருத்துவரின் பெயரும் பார்க்கும் நேரமும். அது தயாராகும்வரை நிகழ்ச்சியை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெண்ணின் சந்திப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவள் வர மறுத்தால், மயக்கத்துக்காக மட்டும் டாக்டரைப் பார்ப்போம் என்று சொல்லி, முடிந்தால் நீங்களே கூடப் போங்கள். உள்ளே போன பிறகு, முன்னே சொன்ன நான்கைந்து வரித் தாளை அவள் கையாலேயே கொடுக்கட்டும். அதற்கும் மறுத்து மறுபடி மயங்கினால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அவள் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் விடுதிப் பொறுப்பாளரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.